தரிசு நிலமும் காடு வளர்ப்பும்

காடு நாட்டின் செல்வம் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் காடு என்றதும் நம் நினைவுக்கு வருவன மலையும் மலைச் சரிவுமே. சமவெளியிலுள்ள கிராமத்துக்குக் காடு எதற்கு, அதை எந்த நிலத்தில் வளர்ப்பது, வளர்த்த பின் அதன் பலன் யாரைச் சேரும் என்னும் கேள்விகளை நாம் அதிகமாக எழுப்புவதில்லை. உழவுக்கு உதவாதது என்று ஒதுக்கப்பட்ட நிலங்களில் மரம் நட வேண்டும் என்பது நெடுங்காலமாக அரசாங்கத்தின் கொள்கையாக இருந்து வருகிறது. அக்கொள்கை எவ்வாறு உருவாயிற்று, மதுரைச் சமவெளியில் அது எத்தகைய பலன்களைத் தந்தது, இனி அதை எவ்வாறு நிறைவேற்றினால் கிராமத்துக்கு நன்மை விளையும் என்பவற்றை, அவனியாபுரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்னிறுத்தி இக்கட்டுரையில் காண்போம்.

அவனியாபுரமும் சுற்றுப்புறமும்

மதுரை நகருக்குத் தெற்கே, விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது அவனியாபுரம். தை முதல் நாளன்று நடைபெறும் ஜல்லிக்கட்டினால் இவ்வூரின் பெயர் நாடெங்கும் தெரியும். முன்னர்த் தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. வயல்கள் பல வீட்டு மனைகளாக மாறிவிட்டன. எனினும் ஊரைக் கடந்து தெற்கே சென்றால் சமவெளியின் பழைய தோற்றம் இன்னும் மறையவில்லை. கண்மாய்கள், கரைமீது பனைகள், செம்மண் மேடுகள், அவற்றை அடுத்துக் கரிசல், ஆங்காங்கே உவர் பூத்த திட்டுகள், இவற்றுக்கிடையே சீமைக் கருவேலம் அடர்ந்த வெளிகள் ஆகியவற்றைக் காணலாம்.

இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலே மிகுதி. ஆகவே இங்கு மரம் நடுவதென்பது, மூன்று மாத மழையைக் கொண்டு ஒன்பது மாத வறட்சியைக் கடத்தும் வேலையாகும். இதை மறந்து தீட்டப்படும் எந்தத் திட்டமும் கோடையில் கருகிவிடும்.

தரிசு என்பது யாது?

கிராமக் கணக்கில் நிலங்கள் பலவகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்ச்சற் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு, பாட்டைப் புறம்போக்கு என்பன நாம் கேட்டுப் பழகிய பெயர்கள். இவை வரி விதிப்புக்காக ஏற்பட்டவை. ஒரு நிலத்திலிருந்து அரசாங்கத்துக்குத் தீர்வை வருகிறதா இல்லையா என்பதையே இப்பெயர்கள் தெரிவிக்கின்றன. அந்நிலம் பயனற்றது என்பது இவற்றின் பொருளன்று.

உண்மையில், தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் ஊராரின் பல வேலைகள் நடைபெறுகின்றன. ஆடுமாடுகள் அங்கேதான் மேய்கின்றன. நிலமில்லாத குடும்பத்துப் பெண்கள் அங்கேதான் விறகு பொறுக்குகின்றனர். மழைநீர் அம்மேட்டின் மீது வழிந்தோடித்தான் கண்மாயை அடைகிறது. ஆவாரை, துத்தி போன்ற மருந்துச் செடிகளும் அங்கேயே கிடைக்கின்றன. நிலம் உடையவனுக்கு வயலும் வரப்பும் உண்டு. நிலமற்றவனுக்குப் புறம்போக்கே வயல் என்று கூறினால் மிகையாகாது. எனவே அந்நிலத்தில் வேலியிட்டு மரக்கன்றுகளை நடும்போது, காலி இடத்தை நிரப்புகிறோம் என்று எண்ணக் கூடாது. ஏற்கெனவே ஒருவருக்கு உதவிவந்த நிலத்தை வேறொரு பயனுக்கு மாற்றுகிறோம் என்பதை முதலில் உணர வேண்டும்.

தரிசைப் பயனுடையதாக்க மரம் ஒன்றே வழியன்று என்பதற்கும் அவனியாபுரமே சான்று. மதுரை நகரின் கழிவுநீரை இவ்வூரிலுள்ள பண்ணைக்குக் கொண்டுவந்து, அதைப் பாய்ச்சித் தீவனப் புல் வளர்த்தனர். நகரத்தார் வேண்டாமென்று கழித்த நீர் கறவை மாடுகளுக்குப் புல்லாயிற்று. நிலத்தின் தன்மையையும் ஊரின் தேவையையும் பொருத்திப் பார்த்ததனால் விளைந்த பயன் அது.

கொள்கை வளர்ந்த வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மலைக்காடுகளை அரசாங்கக் காவலில் கொண்டுவந்தது. சமவெளி மக்களின் விறகுத் தேவைக்கு அதனால் விடை கிடைக்கவில்லை. இந்திய விவசாயத்தை ஆராய வந்த டாக்டர் வோல்க்கர் 1893-இல் வெளியான தமது அறிக்கையில் ஒரு முக்கியமான உண்மையை எடுத்துக் காட்டினார். விறகு கிடைக்காத ஊரில் சாணம் அடுப்புக்குப் போகிறது, ஆகவே வயலுக்கு எரு குறைகிறது, விளைச்சலும் குறைகிறது. இதனைத் தடுக்க, ஊர்களுக்கு அருகிலேயே விறகுக்கும் தீவனத்துக்குமான சிறு காடுகளை வளர்க்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. பின்னர் 1913-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அமைந்த வனக் குழு, கிராமத் தேவைக்கான காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடலாம் என்று கருதியது.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1950-ஆம் ஆண்டில் மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்த திரு. கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். 1952-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்றும், மலைப் பகுதியில் நூற்றுக்கு 60 பங்கும் சமவெளியில் 20 பங்கும் இருத்தல் நலம் என்றும் வகுத்தது. கிராமக் காடு என்னும் தனிப் பிரிவும் அக்கொள்கையில் இடம் பெற்றது.

தேசிய விவசாயக் கமிஷன் 1976-ஆம் ஆண்டில், கிராமப் பொது நிலம், சாலையோரம், கால்வாய்க் கரை, தரிசு ஆகியவற்றில் மக்களின் தேவைக்காக மரம் வளர்க்கும் 'சமூகக் காடு' திட்டத்தைப் பரிந்துரைத்தது. நமது மாநிலத்தில் இத்திட்டம் சுவீடன் நாட்டின் உதவியுடன் 1981-இல் விரிவான முறையில் தொடங்கப்பட்டது. 1985-ஆம் ஆண்டில் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டு, ஆண்டுக்கு 50 லட்சம் எக்டேரில் மரம் நடுவது குறியாகக் கொள்ளப்பட்டது. 1988-ஆம் ஆண்டின் வனக் கொள்கை, காட்டிலிருந்து வருமானம் தேடுவதைவிட இயற்கைச் சமநிலையைக் காப்பதும், சுற்றியுள்ள மக்களின் தேவையை நிறைவு செய்வதுமே முதன்மையானவை என்று கூறியது. 1997-இல் ஜப்பான் நாட்டின் நிதியுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பினை நூற்றுக்கு 23.7 பங்கிலிருந்து பத்தாண்டுகளில் 33 பங்காக உயர்த்துவதைக் குறிக்கோளாகக் கொண்டது.

இவ்வளவு பெரிய குறிக்கோள் மலைகளில் மட்டும் நிறைவேறாது. சமவெளித் தரிசுகளின்மீதே இனி அனைவருடைய கண்களும் விழும். ஆகவே முந்தைய முயற்சிகள் கற்பித்த பாடங்களை இப்போது நினைவுகூர்வது பயன் தரும்.

கண்மாய்க் கருவேலம்

தென் மாவட்டங்களில் சமூகக் காடு என்றால் பெரும்பாலும் கண்மாய்க் கருவேலமே. நாட்டுக் கருவேல் மரம் சில மாதங்கள் நீரில் நின்றாலும் சாவதில்லை, உவரையும் தாங்கும். கண்மாயின் உட்பரப்பில் மண்மேடுகளை எழுப்பி, அவற்றின்மீது கன்றுகளை நட்டனர். இதன் நெற்று ஆடுகளுக்கு நல்ல தீவனம். கட்டை வைரமானது, ஏர்க்கலப்பைக்கும் வண்டிக்கும் உதவியது. விறகும் நன்றாக எரியும். மரங்கள் முதிர்ந்தபின் ஏலம் விடப்பட்டு, அதனால் ஊராட்சிகளுக்கு வருமானமும் கிடைத்தது. நீர்ப்பறவைகளுக்கும் இம்மரம் இருப்பிடமாயிற்று. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, இராமநாதபுரம் மாவட்டத்துக் காஞ்சிரங்குளம் ஆகிய பறவைகள் சரணாலயங்களில் கண்மாய்க் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதைக் காணலாம்.

ஆனால் இம்முறையில் இடர்ப்பாடும் உண்டு. கண்மாய் முதலில் நீருக்காக ஏற்பட்டது. உட்பரப்பு முழுவதும் மரங்கள் நெருங்கி நின்றால் வண்டல் எடுப்பது கடினம். மேடுகளினால் நீர் கொள்ளும் அளவும் குறையும். நெல்லுக்கு நீர் வேண்டும் ஆயக்கட்டுதாரருக்கும், ஏல வருமானம் வேண்டும் ஊராட்சிக்கும் இதனால் மனவேற்றுமை உண்டாகக் கூடும். எனவே நீர்ப்பிடியின் மேல் விளிம்பில், நீர் குறைவாக நிற்கும் பகுதியில் மட்டும் கருவேலை வளர்த்து, ஆழமான பகுதியை நீருக்கும் வண்டலுக்கும் விட்டுவிடுவதே முறையாகும்.

சீமைக் கருவேலம் தந்த பாடம்

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட சீமைக் கருவேலம் 1877-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் வறண்ட மாவட்டங்களின் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் பொருட்டு அது தென் தமிழகத்தில் பரப்பப்பட்டது. அந்நோக்கம் நிறைவேறியது என்பதை மறுக்க இயலாது. ஏழைகளின் அடுப்பு எரிந்தது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் கரிமூட்டத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

ஆயினும் அம்மரத்தின் மற்றக் குணங்கள் முன்கூட்டியே ஆராயப்படவில்லை. ஆடுமாடுகள் அதன் இலையைத் தின்பதில்லை. இனிப்பான நெற்றையோ விரும்பித் தின்கின்றன. விதைகள் சாணத்தோடு சென்ற இடமெல்லாம் முளைக்கின்றன. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. அதன் நிழலில் புல் வளர்வதில்லை. கண்மாய், வரத்துக்கால், மேய்ச்சல் நிலம், உழாமல் விட்ட வயல் ஆகிய யாவற்றையும் அது பிடித்துக்கொண்டது. நட்டவர்கள் தரிசுக்கென்று நட்டனர். மரமோ தரிசின் எல்லையோடு நிற்கவில்லை.

இம்மரத்தை அகற்றுமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உத்தரவிட்டது. அறிவியல் முறைப்படி ஆராய்ந்த பின்னரே தொடர வேண்டும் என்று அவ்வாண்டிலேயே அப்பணி நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு வெளியிட்டது. அகற்றும்போது வேரோடு பெயர்த்தெடுத்து, அவ்விடத்தில் உடனே வேறு மரத்தையோ புல்லையோ வளர்க்க வேண்டும். வெறுமனே விட்டால் அடுத்த மழையில் அதுவே திரும்பி வரும். ஒரே முறையில் அனைத்தையும் அகற்றினால் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதையே நம்பியிருப்போர் அல்லற்படுவர் என்பதையும் கருதிப் படிப்படியாகச் செய்தல் வேண்டும்.

புல்வெளியும் ஒரு செல்வம்

மரமில்லாத இடமெல்லாம் வீணான இடம் என்று எண்ணியதால் நேர்ந்த இழப்புக்குக் கொடைக்கானல் மலை மற்றொரு சான்று. அது அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. உச்சிப் பகுதிகளில் சோலைகளுக்கு இடையே பரந்து கிடந்த இயற்கைப் புல்வெளிகளில் வாட்டில், பைன், தைல மரங்கள் நடப்பட்டன. தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரத்துக்காகவும் இவ்வாறு செய்தனர். அம்மரங்கள் தாமாகவே பரவிப் புல்வெளிகளின் பெரும்பகுதியை மூடிவிட்டன. மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிற்றோடைகளுக்குச் சிறுகச் சிறுக விடும் வேலையைப் புல்வெளி செய்துவந்தது என்பதைப் பின்னரே அறிந்தனர்.

பிற நாடுகளிலும் இத்தகைய அனுபவம் உண்டு. பிரான்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள லாந்து என்னும் பகுதி, ஆட்டிடையர் உயரமான பொய்க்கால்களில் நின்று மந்தையைக் காத்த ஈரப் புல்வெளியாக இருந்தது. 1857-ஆம் ஆண்டின் சட்டம், ஊர்ப் பொது நிலங்களிலிருந்து நீரை வடித்து மரம் நடுமாறு கட்டாயப்படுத்தியது. இன்று அங்கு சுமார் பத்து லட்சம் எக்டேர் பைன் காடு உள்ளது. நாட்டுக்குப் பெருஞ்செல்வம் கிடைத்தது. ஆனால் இடையரின் பிழைப்பு மறைந்தது. ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள சதுப்பு நிலத்தில் 1980-களில் வரிச் சலுகையைப் பெறுவதற்காகவே பலர் மரம் நட்டனர். ஈர நிலம் வறண்டு கெட்டது. 1988-இல் சலுகை நிறுத்தப்பட்டது. பின்னர் நட்ட மரங்களையே வெட்டி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முற்பட்டனர். அப்பகுதி 2024-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

மரமும் புல்லும் இணைந்து வாழும் முறைக்கு நமது மாநிலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. காங்கயம், தாராபுரம் வட்டாரத்துக் குடியானவர்கள் மானாவாரி நிலத்தைக் கொறங்காடாக வைத்திருக்கின்றனர். சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரங்கள். நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றதில் புல்லை வளர விடுகின்றனர். புகழ்பெற்ற காங்கயம் காளைகள் இந்நிலங்களில் வளர்ந்தவையே. காளைகளைப் போற்றும் மதுரைச் சீமைக்கும் இம்முறை உகந்ததே.

எந்த நிலத்துக்கு எந்த மரம்?

இப்பாடங்களை மனத்திற் கொண்டு, அவனியாபுரத்தை ஒட்டிய சமவெளிக் கிராமங்களுக்குப் பின்வரும் முறையைக் கூறலாம்.

செம்மண் மேடுகளுக்கு வேம்பு, வாகை, வெள்வேல், உசில் ஆகியவை ஏற்றவை. உசிலம்பட்டியின் பெயரிலேயே உசில் மரம் நிற்கிறது. அதன் இலைத்தழை வயலுக்கு உரமாகும். கரிசலிலும் லேசான உவரிலும் கருவேலும் புங்கும் வளரும். கண்மாய்க் கரைக்குப் பனையே சிறந்தது. அதன் வேர் கரையைப் பிளக்காமல் மண்ணைப் பற்றி நிற்கும். மடைக்கும் கலுங்குக்கும் அருகில் எம்மரமும் ஆகாது. சாலையோரத்துக்குப் புளியும், ஆழமான மண்ணுள்ள ஊர்ப் பொதுவிடத்துக்கு இலுப்பையும் நடலாம். மெல்லிய மண் படிந்த பாறை நிலத்தில் மரத்தை வற்புறுத்தாமல், புல்லும் ஆவாரையும் தாமே வளர விடுவது நல்லது.

ஒரே இனத்தை மட்டும் நடுவதைத் தவிர்க்க வேண்டும். விறகு, தீவனம், தழை, பழம், நிழல் எனப் பல பயன்களைத் தரும் மரங்கள் கலந்திருந்தால், ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

நடுவதும் காப்பதும்

புரட்டாசியில் ஒன்றரை அடி ஆழமும் அகலமும் உள்ள குழிகளைத் தோண்டி ஆறவிட்டு, ஐப்பசியில் மழை தொடங்கியதும் கன்றுகளை நட வேண்டும். 15 அடிக்கு ஒன்றாக நட்டால் ஒரு ஏக்கருக்கு 190-க்கும் மேற்பட்ட கன்றுகள் பிடிக்கும். முதல் கோடையே சோதனைக் காலம். கன்று ஒன்றுக்கு வாரம் 10 லிட்டர் வீதம் ஊற்றினாலும் ஏக்கருக்கு வாரந்தோறும் ஏறத்தாழ 1,900 லிட்டர் நீர் வேண்டும். பன்னிரண்டு வாரங்களுக்குச் சுமார் 23,000 லிட்டராகும். இந்நீர் எங்கிருந்து வரும், யார் ஊற்றுவார் என்பதை முடிவு செய்யாமல் குழி வெட்டுவது வீண் செலவு. நீருக்கும் காவலுக்கும் வசதியுள்ள அளவே நட வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைவிட, மூன்றாம் ஆண்டில் உயிருடன் நிற்கும் மரங்களின் எண்ணிக்கையே ஊருக்குப் பெருமை தரும்.

மேய்ச்சல் நிலத்தை முழுவதும் ஒரே ஆண்டில் அடைத்துவிடக் கூடாது. மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் மூடி, கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்ததும் அதைத் திறந்து அடுத்ததை மூடலாம். மூடிய பகுதியிலும் புல்லை அறுத்துச் செல்ல ஊராருக்கு உரிமை இருக்க வேண்டும். மேய்ச்சலை இழந்தவன் வேலியின் பகைவனாவான். புல் கிடைத்தவனோ அதன் காவலனாவான்.

பலன் யாருக்கு?

நிலம் யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 40 எக்டேருக்கு மேல் பாசனமுள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையையும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தையும் சேர்ந்தவை. புறம்போக்கிலுள்ள மரங்களின் பலனைத் தனியொருவர் அனுபவிக்க வருவாய்த் துறை வழங்கும் மரப்பட்டா, '2-சி பட்டா' என வழங்குகிறது. மரத்தின் பலனுக்கே அதில் உரிமை உண்டு. நிலத்துக்கு உரிமை இல்லை. நிலமற்ற ஏழைகள் மரத்தைத் தம்முடையதாகக் கருதி வளர்ப்பதற்கு இத்தகைய உரிமை உதவும்.

பொதுத் தோப்பாக வளர்ப்பதானால், விறகு யாருக்கு, புல் யாருக்கு, ஏலப் பணத்தில் காவலுக்கு எவ்வளவு, மறுநடவுக்கு எவ்வளவு என்பவற்றை நடுவதற்கு முன்னரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபை, மழைக்குச் சற்று முன்னதாக வருவதால் இதற்கு மிகவும் பொருத்தமானது. அக்கூட்டத்துக்கு ஆடு வளர்ப்போரும் விறகு பொறுக்கும் பெண்களும் தவறாமல் வர வேண்டும். தரிசின் இயல்பைக் கணக்குப் புத்தகத்தைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர்கள் அவர்களே.

அரசாங்கம் கன்றும் நிதியும் தரலாம். அதிகாரிகள் முறையைச் சொல்லித் தரலாம். எந்த மேட்டில் எந்த மரம், எந்த வெளியில் புல், எந்தப் பள்ளத்தில் நீர் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு ஊராரைச் சேர்ந்தது. அவ்வாறு தேர்ந்து நட்ட ஓர் ஏக்கர், தேராமல் நட்ட நூறு ஏக்கரைவிட நாட்டுக்கு நன்மை பயக்கும் என்பதில் ஐயமில்லை. வரும் ஐப்பசி மழைக்கு முன்னர் ஒவ்வோர் ஊரும் தன் தரிசுகளை ஒருமுறை நடந்து பார்த்து, அவற்றால் இன்று வாழ்வோர் யார், நாளை வாழக்கூடியோர் யார் என்று கணக்கெடுத்துப் பணியைத் தொடங்குமாக.